சேர்ந்தா சூடு

நீங்களே சொல்லுங்க சார், குடியிருக்க வந்தவரு ஊட்டுக்காரன் கிட்டயே பாடம் நடத்தலாமா? உள்ள வாங்க, பெட்டிய அப்படி வெச்சுட்டு ரூமப் பாருங்க. காத்து பிச்சிக்கிட்டு வரும். ஜன்னலத் தொறந்தா என் உப்பளம்தான்... செவுரு ஏன் கருப்பா இருக்குதா? அதத்தான் சொல்ல வர்றேன்!

உங்களுக்கு முன்ன இருந்தவரு சக்கரபாணி வாத்தியாரு. ஹைஸ்கூல்ல கெமிஸ்ட்ரி. போன மாசம் பொண்ணு கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க, சூளையில சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பு ஆறு மூட்ட வாங்கி, இந்தச் செவுர ஒட்டுன மாட்டுக் கொட்டாயில அடுக்குனேன். ஒடனே வந்துட்டாரு. "காசிலிங்கம், வைக்கோல் பக்கத்துல வேணாங்க. தண்ணி பட்டா பத்திக்கும்"ங்கிறாரு!

ஏங்க, சுண்ணாம்பு கொதிக்கும்னு எனக்குத் தெரியாதா? சூளையில குடிச்ச சூடு உள்ள பதுங்கியிருக்குது, தண்ணி ஊத்துனா வெளிய ஓடிப்பூடும். அவ்ளோதான? அதுக்கு அவரு "இல்லீங்க"ன்னாரு. சூளை நெருப்பு கிளிஞ்சலுக்குள்ள இருந்த பிணைப்ப அறுக்கத்தான் செலவாச்சாம். அறுக்கணும்னா சூட்டக் குடுக்கணுமாம். அப்புறம் தண்ணியோட புதுசா சேருதே, சேரும்போதுதான் சூட்டத் தள்ளுமாம். அணுவும் அணுவும் ஒன்ன ஒன்னு இழுக்குமாம். ரொம்ப நெருங்குனா மொறச்சிக்கிட்டு தள்ளுமாம். நடுவுல தோதா ஒரு எடத்துல அடங்கி உக்காருமாம். அடங்குறப்ப மிச்சப்படுற சக்திதான் சூடாம்!

இன்னா கத பாருங்க! பிரிஞ்சாதான சார் சூடு? சேர்ந்தா குளுச்சிதான? இப்படிக் கேட்டேன், எம் பொண்டாட்டி ஞானாம்பாள் உள்ள இருந்து சிரிக்கிறா. "நம்மளயே பாரு, சேர்ந்த நாள்லேர்ந்து சூடுதான்"ங்கிறா. வாத்தியாரு எதுர்ல! மானம் போச்சா இல்லியா?

உட்டுருவனா? மறுநாள் சாயந்திரம் அவரு ஸ்கூல்லேர்ந்து வர்றதுக்குள்ள, பக்கத்தூட்டு ராஜாங்கத்தக் கூப்ட்டு நிக்க வெச்சு, "தண்ணியில நெருப்பு வருதான்னு பாருடா"ன்னு ரெண்டு கொடம் மூட்ட மேலயே ஊத்துனேன். பொகஞ்சுது. சரி, பொகஞ்சா அணைக்கணுமே... இன்னும் நாலு கொடம் ஊத்துனேன்.

ஆமாங்க, நான்தான் ஊத்துனேன். அதுக்கு இன்னா இப்ப?

கோணி பத்துச்சு, வைக்கோல் பத்துச்சு, கீத்து பத்துச்சு. வாத்தியாரு ஸ்கூல்லேர்ந்து வந்தவரு சட்டையக் கூட கழட்டல, உள்ள பூந்து கயிற அறுத்து மாட்ட ஓட்டி உட்டாரு. கொடத்தோட நின்ன என்னிய சட்டையப் புடிச்சு வெளிய இழுத்துப் போட்டாரு. மாடு பொழச்சிது, நானும் பொழச்சேன். கல்யாணந்தான் ஆவணிக்குத் தள்ளிப் போச்சு. மாப்ள ஊட்டுக்காரங்க வந்து பாத்துட்டு, "சம்மந்தி பந்தல்ல எதயும் தொடாம இருந்தா சரி"ன்னாங்க.

அப்புறம் ரூமக் காலி பண்ணச் சொல்லிட்டேன். பின்ன? அவ்ளோ தெரிஞ்சவரு கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கக் கூடாதா? மெதுவா, மரியாதையா சொன்னா யாரு கேப்பா? ஞானாம்பாளுக்குக் கோவம். அவரு பெட்டி வண்டியில ஏறுன நாள்லேர்ந்து எங்கிட்டப் பேச்சே இல்ல. அதான் ஆளக் கண்டா இப்படிக் கொட்டித் தீக்குறேன்...

நீங்களும் ஸ்கூலுக்குத்தான வந்திருக்கீங்க? இன்னா பாடம்?

கெமிஸ்ட்ரியா!

சார்... சார், பெட்டிய ஏன் தூக்குறீங்க? வாடகையக் கூடக் கேக்கலியே! சரி, போறது போறீங்க, அன்னிக்கு வெந்துபோன இந்தக் கைப்புண்ணுக்கு இன்னா போடணும்னாவது சொல்லிட்டுப் போங்க. வாத்தியாரு ரெண்டு வாட்டி சொன்னாரு... நான்தான் நடுவுல பேசிக்கிட்டே இருந்துட்டேன்.