கதவிடுக்கில் நுழையாத அட்டை

தலைமை ஏற்றிருக்கும் ஓவியப் பள்ளி ஆசிரியர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே, பிள்ளைகளை மடியில் ஏந்திய தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

முப்பதாண்டுகள் செய்தி எழுதியவன் நான். கேட்டதைச் சரிபார்க்காமல் சொல்ல மாட்டேன். இந்தச் சுவரில் தொங்கும் அட்டைகளின் கதையையும் கணவன், மனைவி இருவரிடமும் தனித்தனியே கேட்டுவிட்டேன். சிரிக்காதீர்கள், தம்பதியர் கதைக்கு அது மிக அவசியம்!

நம் ஓவியர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். தூரிகைத் தடம் தெரிந்தால் தொழில் தெரியாதவன் என்பார்கள். வழுவழுப்பே அவர் வாழ்வு, வழுவழுப்பே அவர் வயிற்றுப்பாடு! அவர் துணைவியார் தையல்காரர். துணியைக் கண்ணால் அல்ல, விரலால் அறிபவர்.

தொற்று வந்தது. பட்டறை அறையில் ஓவியர் தனித்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். தொண்டை கட்டியது, குரல் போனது. முதல் நாள் கதவின் அடியிடுக்கில் ஓர் அட்டை வந்தது. அச்செடுத்தாற்போல் ஒரே சொல்: "நலம்."

அம்மையார் தடவிப் பார்த்தார். என்ன சொன்னார் தெரியுமா?

"காய்ச்சலோட நீங்க எழுதுன கடைப் பலகையும் இப்படித்தாங்க வழுவழுன்னு இருந்துச்சு. இதை நான் எப்படி நம்புறது? கை எப்படி ஓடுதோ அப்படியே விட்டு அனுப்புங்க."

அன்றிலிருந்து நாளுக்கோர் அட்டை. சாயத்தில் தேயிலைச் சக்கை கலந்தார், மரத்தூள் தூவினார், சீப்பால் கோடிழுத்தார். கை நடுங்கினால் நடுக்கமே சாயத்தில் வரப்பாயிற்று. எட்டாம் அட்டையின் வரப்புகள் தாறுமாறாக ஓடின. தடவிய மறுகணமே அம்மையார் மருத்துவரை அழைத்தார். காய்ச்சல் ஏறித்தான் இருந்தது. வாய் சொல்லாததை, எழுத்து மறைத்ததை, சொரசொரப்பு சொல்லிவிட்டதே!

பத்தொன்பதாம் நாள் அட்டை வரவில்லை.

காலை போயிற்று, மதியமும் போயிற்று. அம்மையார் கதவைத் தட்டினார். "என்னங்க... என்னங்க!"

பதினெட்டு நாளாகக் கேட்காத குரல் கரகரவென்று வந்தது.

"கத்தாத. தடிமனாப் பூசிட்டேன், இடுக்குல நுழைய மாட்டேங்குது. சுரண்டிடட்டுமா?"

"ஒரு துளி சுரண்டுனீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு! தனிமை முடிஞ்சு கதவு திறக்குறப்ப நீங்களே எடுத்துட்டு வாங்க."

பின்வரிசையில் ஓர் அன்பர் கேட்கிறார், சாப்பாட்டுத் தட்டோடு வெளியே வைத்திருக்கலாமே என்று. நானும் அம்மையாரிடம் கேட்டேன் ஐயா. "அட்டை வந்திருக்கும்தான். அவர் வரணும்ல?" என்றார். அழுதீர்களா அம்மா என்றேன். "இல்லங்க, சிரிச்சேன்." ஓவியரிடம் சரிபார்த்தேன். "ரெண்டும்தான். கதவுக்கு இந்தப் பக்கம் நல்லாவே கேட்டுச்சு."

நான்கு நாள் கழித்துக் கதவு திறந்தது. அட்டை முன்னே வந்தது, பின்னால் அவர் வந்தார். அந்த அட்டைதான், இதோ, இந்தச் சுவரின் நடுவில்!

கண்காட்சி என்றால் 'தொடாதீர்' என்றொரு பலகை இருக்கும். இங்கே இருக்கிறதா? இல்லை! பலகை எழுதியே பிழைத்தவர் அந்த ஒரு பலகையை எழுத மறுத்துவிட்டார். வாருங்கள், தொடுங்கள். ஒரு மனிதர் நாள்தோறும் எப்படி இருந்தார் என்று உங்கள் விரல்களும் அறியட்டும்!

என்ன அம்மா? "கையைக் கழுவிட்டுத் தொடச் சொல்லுங்க" என்கிறார் ஓவியரின் துணைவியார். உத்தரவு தாயே!

கேட்ட செவிகளுக்கு நன்றி. தொடப்போகும் விரல்களுக்கு வணக்கம்.