ராகிக் குழியில் அணைந்த விளக்கு

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் ஒருத்தர் தயவில்லாமல் மூன்று கடை வைத்தேன். ஆளின் முகத்தைப் பார்க்காமல், பேச்சைக் கேட்டே பொய்யா மெய்யா என்று சொல்லிவிடுவேன்.

யுத்த காலத்தில் ஒரு நாள், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பாப்பாரப்பட்டி பஸ்ஸில் எனக்குப் பின்னால் ஒரு தாய்மாமனும் மருமகனும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“போன வருசம் வெளக்கு தானா அணையலீங்க மாமா” என்றான் மருமகன்.

“என்ன மாப்ள சொல்ற?”

“சர்க்காரு ராகி எடுக்க வந்தப்ப, ராகி கொட்டி வெச்ச குழியத் தொறந்து, உள்ள காத்து நல்லாருக்குதான்னு பாக்க வெளக்க எறக்குனோமில்ல? நல்லா எரிஞ்சுது. நாந்தான் கயித்த ஆட்டி அணைச்சுப்புட்டு, உள்ள வெசக்காத்து இருக்குது, எறங்குனா உசுரு போயிரும்னு புளுகுனேன். பயந்து திரும்பிட்டாங்க.”

“இன்னைக்கு?”

“அதே ஆபீசருங்க. இந்தத் தரம் நெசமாவே அணைஞ்சுது. ‘உன் தந்திரம் தெரியும், எறங்கு, இல்லேன்னா ஜெயிலு’ன்னாரு. நான் ஜெயிலுக்குப் போயிருவேன்னு தம்பி குதிச்சுட்டான். தூக்குறப்ப உசுரு இல்லீங்க.”

“ஆபீசரு?”

“வெசக்காத்து வெளியேறுனதும் ராகிய எடுக்கலாம்னு குழியாண்டயே காத்துக்கிட்டு இருக்காருங்க.”

செத்தவனின் மனைவி பாப்பாரப்பட்டியில் தாய்வீட்டில் இருக்கிறாளாம், நிறைமாதம். அவளை அழைத்துவரத்தான் இவர்கள் போகிறார்கள்.

“புருசனுக்குக் காச்சல்னு சொல்லிக் கூட்டியாந்துரலாம் மாப்ள.”

“இன்னொரு பொய்யாங்க மாமா?”

பஸ் பாப்பாரப்பட்டியில் நின்றது. கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்டும் அவர்கள் எழுந்திருக்கவில்லை.