மோட்டார் வைத்த கேமரா

"கேமராவுக்குக் கண்ணாடி போடுவாங்களா ஆன்ட்டி?" என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவள். என் கணவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேமராவில் கண்ணை வைத்ததைப் பார்த்து அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. ஆமாம் என்றேன். கண் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பல் வைத்த ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அதைத் திருப்பினால் பார்வை மங்கியவருக்கும் உள்ளே தெளிவாகத் தெரியும். அவளைத் தூக்கி அதைக் காட்டினேன். அந்தச் சக்கரத்தை அவருக்குத் தெரியாமல் நான்தான் அவ்வப்போது திருப்பிவைக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை. குழந்தைகளிடம் எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை.

என் பெயர் இவாஞ்சலின். ஆரணியில் பட்டுக் கடைகள் இருக்கிற தெருவில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. என் கணவர் பவுல்துரை கல்யாணங்களுக்குப் படம் எடுப்பார். கல்யாணம் இல்லாத மாதங்களில் கடைக்காரர்களுக்குச் சேலைகளைப் படம் எடுத்துக் கொடுப்பார். பட்டின் நிறத்தைப் படத்தில் கொண்டுவருவது எளிதல்ல. அரக்குச் சேலை மற்றவர்கள் படத்தில் செங்கல் நிறமாக வரும். அவர் எடுத்தால் அரக்காகவே வரும். தெள்ளார்வரைக்கும் அவருக்குப் பெயர் இருந்தது. அதனால் வீட்டில் அவர் இருந்தது குறைவு. முகூர்த்த மாதங்களில் துணி மாற்ற மட்டும் வருவார். நான் குறை சொன்னதில்லை. எந்த நேரத்தில் வந்தாலும் சோறு சூடாக இருக்கும். சின்னச் சின்ன உதவிகளால்தான் ஒரு குடும்பம் நிற்கிறது என்று நம்புகிறவள் நான். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

2007இல் எங்கள் சபைப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் நடந்தது. நான் வந்தவர்களுக்கு டீயும் பன்னும் கொடுத்துக்கொண்டிருந்தேன். முகாமைப் படம் எடுக்க வந்த அவர், கூட்டம் குறைந்ததும் விளையாட்டாக நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"ஊர்ல எல்லார் கண்ணயும் பாக்கறீங்க, என்னுதையும் பாருங்க டாக்டர். ரெண்டே ரெண்டுதான் கீது, பத்திரம்."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்துக்கொண்டேதான் சொட்டு மருந்து விட்டார். உள்ளே பார்த்த பிறகு அவர் சிரிக்கவில்லை. கண் கூசுகிறது என்று என் கணவர் மரத்தடிக்குப் போனதும் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"சக்கரை கண்ணுல எறங்கிடுச்சும்மா. உள்ள ரத்தக் குழாய் கசிய ஆரம்பிச்சிருக்கு. வேலூருக்கு வந்து லேசர் வெச்சிக்கினா காப்பாத்திடலாம். இப்ப அவருக்கே பெருசா வித்தியாசம் தெரியாது. நல்லா தெரியறப்ப வந்தீங்கன்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

"சரிங்க டாக்டர்" என்றேன். காலையிலிருந்து டாக்டர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. அவருக்கு ஒரு பன்னைக் கூடுதலாக வைத்தேன்.

மரத்தடியில் என் கணவர் கேட்டார். "இன்னா இவா, டாக்டரு இன்னா சொல்றாரு?"

"கண்ணாடி மாத்தச் சொன்னாருங்க."

"அவ்ளோதானா? அதுக்குப் போயி எழவு வீட்டுக்கு வந்தவராட்டம் மூஞ்ச வெச்சிகினு இருந்தாரு."

அது முழுப் பொய் இல்லை. அடுத்த வாரமே அவருக்குப் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். உள்ளதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அன்று அவர் சந்தோஷமாக இருந்தார். ஒரு மனிதரின் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாளும் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

கேமரா விஷயம் அந்த மாதமே வந்தது. பிலிமின் காலம் முடிந்துகொண்டிருந்தது. கல்யாண வீட்டார் சி.டி. கேட்க ஆரம்பித்திருந்தார்கள். புதிதாக டிஜிட்டலுக்கு மாறுகிறவர்கள் வாங்குகிற மாதிரி இரண்டு கேமராக்களை எடுத்துவைக்கும்படி வேலூரில் ஒரு கடைக்காரரிடம் அவர் சொல்லியிருந்தார். நானும் கூடப் போனேன். பஸ் அந்தக் கண் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் போனது. அவர் வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எழுப்பவில்லை.

கடைக்காரர் மாணிக்கவேல் இரண்டையும் மேசைமேல் வைத்தார். ஒன்று புது மாடல், கைக்கு அடக்கமானது. இன்னொன்று கொஞ்சம் பழையது, தடியானது.

"ஒரு விஷயம்ணே. சின்னதுல பாடிக்குள்ள மோட்டார் கிடையாது. உங்க பழைய லென்சப் போட்டா போகஸ கையாலதான் திருகணும். பெருசுல மோட்டார் கீது. பட்டன லேசா அமுக்கினா அதுவே பாத்துக்கும். சரியா வந்துச்சின்னா பீப்னு சத்தம் குடுக்கும்."

"அதுவே பாத்துக்கினா நான் எதுக்குபா மண்டபத்துக்கு? பந்தில குந்தறதுக்கா?" என்றார் என் கணவர். "இத்தினி வருஷமா கையாலதான் திருகிகினு கீறேன். சின்னதையே போடு."

தன் லென்சைச் சின்ன கேமராவில் மாட்டி, எதிரே இருந்த சைக்கிள் கடைப் பலகையைப் பார்த்துத் திருகினார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். படம் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. அந்தச் சின்னத் திரையில் எல்லாப் படமும் நன்றாகத் தெரியும். மாணிக்கவேல் அதைப் பெரிதாக்கிக் காட்டியபோது பலகை எழுத்துகள் கலங்கியிருந்தன.

"கை ஆடியிருக்கும்ணே."

இன்னொன்று எடுத்தார். அதுவும் கலங்கியிருந்தது. என் கணவர் லென்சைத் துடைத்தார்.

அங்கே நின்றபடி நான் யோசித்தேன். சின்ன கேமராவை வாங்கினால் இரண்டு கல்யாணத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். பிடிவாதக்காரர், காரணத்தைத் தேடாமல் விடமாட்டார். லென்சைத் திட்டுவார், பிரிண்ட் போடுகிறவனைத் திட்டுவார், கடைசியில் கண் டாக்டரிடம் போய் நிற்பார். அவர்கள் காப்பாற்றிவிடுவார்கள். பெரிய கேமராவை வாங்கினால் அது அவருக்காகப் பார்த்துக்கொள்ளும். படங்கள் தெளிவாக வரும். அவர் எதையும் தேடமாட்டார்.

"பெருசே எடுங்க" என்றேன். "திருகித் திருகி வெரலு வீங்கிகினு வர்றீங்க. நான்தான தைலம் தேய்ச்சி உடறேன்."

"பாத்தியா மாணிக்கம், வீட்டு ஆர்டர் வந்துட்ச்சி."

"அண்ணி சொன்னா சரியாதாண்ணே இருக்கும்."

திரும்பும்போது பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் சின்ன உதவிகள்தான். ஸ்டூடியோவில் வெளிச்சமான பல்புகள் போட்டேன். கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்கினேன். கல்யாணப் பத்திரிகைகளை நானே படித்துச் சொன்னேன். சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் கொஞ்சம் மாறும். அதற்கேற்ப கேமராவின் அந்தச் சின்னச் சக்கரத்தை ஒரு பல் திருப்பிவைப்பேன். "டிஜிட்டல் டிஜிட்டல்தான் இவா, உள்ள பளிச்சினு கீது" என்பார். மைசூர்பாகு கேட்டால் கொடுத்தேன். கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்வது என் சுபாவம் இல்லை. பிளாஷ் பிடிக்க மண்டபங்களுக்கு நானும் போக ஆரம்பித்தேன். ஜோடியாக வருகிறோம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு அலுப்புதான். ஒன்றை மறைத்துவைத்திருப்பது மனத்தைவிட உடம்பைத்தான் அதிகம் அலுக்கவைக்கிறது.

ஆல்பம் வடிவமைக்கச் சுகன்யா என்ற பெண் எங்களிடம் வேலைக்கு இருந்தாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் படங்களைக் காட்டினாள்.

"அக்கா, போகஸ் எல்லாம் ஷார்ப்பாதான் கீது. ஆனா பாருங்க, ஓரத்துல நிக்கறவங்க வெட்டுப்பட்டுப் போறாங்க. இதுல மாப்ளையோட அம்மாவக் காணோம், புடவ முந்தானதான் கீது. அண்ணன் முன்ன இப்படி எடுக்க மாட்டாரு. அவருக்கு ஜல்தியா கண்ணக் காட்டுங்கக்கா."

"காட்டறேம்மா" என்றேன்.

அந்த மாதத்திலேயே போளூரில் ஒரு ஸ்டூடியோவில் அவளுக்கு இதைவிட நல்ல வேலை பார்த்துக் கொடுத்தேன். போகும்போது ஒரு பட்டுச் சேலையும் கொடுத்தேன். "உங்கள மாதிரி யாரு இருப்பாங்கக்கா" என்று அழுதாள்.

அடுத்த வருடம் தை மாதத்தில் பெரணமல்லூரில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் அட்சதையோடு எழுந்து நின்றார்கள். அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"யாருபா லைட்ட அணைச்சது?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "இன்னா போட்டோகிராபரே, காலைலயே ஏத்திகினு வந்துட்டீங்களா?"

விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தன. வலது கண்ணுக்குள் ரத்தம் கொட்டிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். இடது கண் ஏற்கெனவே மங்கியிருந்தது.

"இவா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "ஒண்ணுந் தெரியலடி."

நான் அவர் தோள்களைப் பிடித்து மணமக்கள் பக்கம் திருப்பினேன். "அமுக்குங்க" என்றேன். பீப் என்றது. அமுக்கினார். தாலி கட்டுகிற அந்தப் படம் ஒரு பிசிறு இல்லாமல் வந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளவயதுப் பெண். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏங்க முன்னாடியே வரல? யாரும் உங்களுக்குச் சொல்லலையா?"

"யாரும் சொல்லலம்மா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நடந்தே வந்திருப்பேன்" என்றார் அவர்.

நான் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தேன்.

அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வரச் சொன்னார் டாக்டர். பிறகு என்னிடம் சொன்னார். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது. இந்த வாரமே ஆபரேஷன் செய்தால் எதிரே இருப்பவர் முகம் தெரிகிற அளவுக்காவது மீட்டுவிடலாம். தள்ளிப்போட்டால் அதுவும் போய்விடும். சரிங்க டாக்டர் என்று வெளியே வந்தேன்.

"இன்னா சொன்னாங்க இவா? அந்த ஒரு கண்ணாவது தேறுமா?"

"ஒண்ணும் பண்றதுக்கில்லையாம். வீட்டுக்குப் போலாங்க."

 அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "சரி, வுடு. நீ கீறியே" என்றார்.

என்னைக் கொடியவள் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் எங்கள் குழந்தை இறந்தே பிறந்தது. நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். அந்த முகூர்த்தக் காலம் முழுவதும் அவர் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. எனக்குத் தலை வாரிவிட்டார், கஞ்சி ஊட்டினார், நான் தூங்கும்வரை கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். நான் சுவரைப் பிடிக்காமல் நடந்த மறுநாள் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்னும் கொஞ்சம் மெதுவாகக் குணமாகியிருக்கலாம் என்று பல வருடம் நினைத்திருக்கிறேன். அவர் எனக்குச் செய்ததை நான் அவருக்குத் திருப்பிச் செய்ய வேண்டியிருந்தது. அவரோ அதற்கு இடமே கொடுக்கவில்லை. ஒரு காய்ச்சலுக்குக்கூட வீட்டில் படுத்தவர் இல்லை.

இப்போது காலையில் கதவைச் சாத்திவிட்டு அவருக்குத் தலை வாரிவிடுகிறேன். சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறேன். "நானே துன்னுவேன் இவா, கையி நல்லாதான கீது" என்பார். நான் விடுவதில்லை. நல்ல காரியத்தை ஊருக்குக் காட்டாமல் செய்ய வேண்டும் என்றுதான் சபையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. நான் பட்ட கடனை ஒவ்வொரு வாயாக அடைத்துக்கொண்டிருக்கிறேன். அதை யாரும் பார்ப்பதில்லை. அவரும் பார்ப்பதில்லை.