பதிவு எண் இல்லாத கடிதம்

என்னை அலுவலகத்தில் அழைப்பது 'சின்ன முதல்வர்' என்று. வயது ஐம்பத்தேழு, பார்ப்பவர்கள் நாற்பத்தைந்துக்கு மேல் மதிக்க மாட்டார்கள். படிப்பு எட்டாவது. அரசு ஊழியர் குடியிருப்பில் அக்கா மகளுடன் இருக்கிறேன். முதலமைச்சர் அறைக்குக் கோப்பு கொண்டுபோவது என் வேலை. பத்தொன்பது வருடத்தில் மூன்று முதலமைச்சர்களை நான்தான் பழக்கிவிட்டேன்.

அக்கா மகளின் கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். கப்பல் முதலாளி செய்த தப்புக்கு அவனை வேறொரு நாட்டில் நான்கு மாதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவளுக்கு ஏழாம் மாதம். "முதலமைச்சர் ஐயா ஒரு கையெழுத்துப் போட்டா கப்பலே திரும்பி வரும், நீ சாப்பிடும்மா" என்றேன். சாப்பிட்டாள். அதன் பிறகு அவள் கொடுத்த மனுவைப் பிரிவு அதிகாரி 'மாநில அரசின் வரம்பில் இல்லை' என்று இரண்டு தடவை திருப்பினார்.

அதன் பிறகு நாலாம் தேதி காலை, ஐயா பிரதமருக்கு எழுதுவது போல ஒரு கடிதம் தட்டச்சு செய்யப்பட்டது. அடித்தது நான்தான், எனக்குத் தட்டச்சு தெரியாது என்பது வேறு விஷயம். வெள்ள நிவாரணக் கோப்பில் இருந்த அவசரச் சீட்டை உரித்து அதில் ஒட்டி, பதிவேட்டில் ஏற்றாமல் ஐயா மேசையில் வைத்தேன்.

ஐயா முழுவதும் படித்தார்.

"யாருப்பா இந்தப் பொண்ணு?"

"எங்க அக்கா பொண்ணுங்கய்யா."

"வெளிநாட்டு விவகாரம் பூரா மத்திய அரசு கையில. நான் கேக்கத்தான் முடியும், உத்தரவு போட முடியாது. தெரியும்ல?"

"அவகிட்ட நான் வேற மாதிரி சொல்லி வச்சிட்டேங்கய்யா."

சிரித்துவிட்டார். "அப்ப நல்லாவே கேட்டுருவோம்" என்று கையெழுத்திட்டு, கீழே 'இந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம்' என்று தன் கையாலேயே எழுதினார்.

கடிதம் தலைநகருக்குப் போன பிறகு ஐயா அறுவைச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார், அவரிடம் இப்போது யாரும் கேட்க முடியாது. கடிதத்தில் பதிவு எண் இல்லாததால் கள்ளக் கையெழுத்து என்று பிரிவு அதிகாரி புகார் கொடுத்து, அதைத் திருப்பி அனுப்பும்படி தலைநகருக்கு எழுதப் போகிறார். அந்தப் புகாருக்காகத்தான் உங்களிடம் இந்த வாக்குமூலம். யார் யாரை விடுவிக்கச் சொல்லி அந்த நாட்டிடம் கேட்பது என்ற பட்டியல் தலைநகரில் நாளை மறுநாள் முடிவாகிறது. கடிதம் திரும்பினால் அவன் பெயர் அதில் வராது.

நேற்று அக்கா மகளிடம், ஐயாவால் கேட்க மட்டுமே முடியும் என்ற உண்மையைச் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும் மாமா. நீங்க சொன்னது கேக்க நல்லா இருந்துச்சு" என்றாள்.

கையெழுத்து ஐயாவுடையது. பதியாமல் வைத்த குற்றம் என்னுடையது. என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், கடிதத்தை மட்டும் தடுக்காதீர்கள்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். பெருமைக்குக் கூட்டிச் சொன்ன இடங்களை அடித்துவிடலாம். கடிதத்தைப் பற்றிச் சொன்னது அத்தனையும் நடந்தது நடந்தபடி.

(கையொப்பம்)