பதினொரு நிமிட நீக்கம்

என் பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் உள்ளபடி சரி. வயது 37. அந்த வீட்டில் கணவரோடும் மாமியாரோடும் குடியிருந்து வருகிறேன். நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல் போடும் மென்பொருளை விற்கும் கம்பெனியில், விற்பனைப் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். என்மேல் புகார் கொடுத்திருப்பவர் எங்கள் பிரிவு மேலாளர். எப்போதும் விற்பனை இலக்கைப் பற்றியே பேசுவதால் அவரை நாங்கள் "டார்கெட்" என்றுதான் சொல்வோம். அவருக்கும் அது தெரியும்.

என் வேலை, வாடிக்கையாளர் முன் உட்கார்ந்து மென்பொருளை ஓட்டிக் காட்டுவது. அதற்கென்று பொய்ப் பெயர்கள் போட்ட மாதிரிக் கம்பெனி ஒன்று கணினியில் உண்டு. அதில் ஆளைச் சேர்ப்பேன், சம்பளம் ஏற்றுவேன், கடைசியில் ஒருவரை வேலையிலிருந்து நீக்கிக் காட்டுவேன். ஒரே பொத்தான். சம்பளம், மருத்துவக் காப்பீடு, கதவு அட்டை எல்லாம் அந்த நொடியே நின்றுவிடும். எல்லோரும் அசந்துபோகிற இடம் அதுதான். மென்பொருளில் இல்லாத ஒன்றை யாராவது கேட்டால், "இல்லன்னு சொல்லாத, வந்துட்டே இருக்குன்னு சொல்லு" என்பது மேலாளர் உத்தரவு. நானும் ஆறு வருடமாக வாய் கூசாமல் சொன்னேன்.

என் பக்கத்து மேசைத் தோழி, வாங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். என்னைவிடச் சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். பயிற்சிக்குப் போன ஓர் இடத்தில் இரவுப் பணிக் கணக்கு எங்கே என்று கேட்டபோது, "அது இதுல இல்லவே இல்லீங்க" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர்கள் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மேலாளர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதன் பிறகு அவளுடைய அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால், ஆஸ்பத்திரியில் கூட இருக்க விடுப்பு எடுத்தாள். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை வாடிக்கையாளர்கள் வந்திருந்தபோது, மாதிரிக் கம்பெனி திறக்கவில்லை என்று சொல்லி மேலாளர் வேறொன்றை எனக்குத் திறந்துவிட்டார். நீக்கிக் காட்டும் கட்டம் வந்தபோது திரையில் என் தோழியின் பெயர் இருந்தது. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "அட, காப்பிதாம்மா. நம்ம ஆளுங்க பேரையே போட்டு வச்சிருக்கேன். தைரியமா அழுத்து" என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அழுத்தினேன்.

அது நகல் இல்லை, எங்கள் கம்பெனியின் உண்மையான பட்டியல். அன்று மதியமே ஆஸ்பத்திரியில், தோழியின் பேரில் அவள் அம்மாவுக்கும் இருந்த காப்பீடு செல்லாது என்று சொல்லி அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். நீக்கியவர் என்ற இடத்தில் என் பெயரோடு தோழிக்குக் கடிதமும் போயிருந்தது. போன் செய்தாள். "உன் கையாலயா அக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

உடனே மேலாளரிடம் போய் அவளைத் திரும்பச் சேர்க்கும்படி கெஞ்சினேன். "நீக்கினா நீக்கினதுதான், சிஸ்டம் ஒத்துக்காது. அழுத்தினது நீதானேம்மா?" என்று சொல்லிவிட்டுத் தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். தவறி நீக்கினாலும் சுலபமாகத் திரும்பச் சேர்க்கலாம் என்று சொல்லித்தான் நான் அதை விற்கிறேன்; அப்படிச் சொல்லக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன். அன்று எனக்குத் திறந்துவிட்ட அனுமதியை மூட அவர் மறந்திருந்தார். நானும் வாயைத் திறக்காமல், சிரித்த முகமாகவே வேலைக்குப் போய்வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு பேருந்துக் கம்பெனி முதலாளியம்மா தம் ஆட்களோடு வந்தார். பாதியில் மேலாளர் போன் பேச வெளியே போனார். கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. வெளியிலிருந்து திறக்க அட்டை வேண்டும். அதன் பிறகு நான் எங்கள் கம்பெனியின் உண்மையான பட்டியலைத் திறந்து, அவர் பெயரை எடுத்து வேண்டுமென்றே அழுத்தினேன். "இது நெசமாவா?" என்று முதலாளியம்மா கேட்டார். "நெசந்தாங்கம்மா. கதவப் பாருங்க" என்றேன். மேலாளர் அட்டையைக் காட்டினார், சிவப்பு விளக்கு எரிந்தது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி காட்டினார். பிறகு கண்ணாடியைத் தட்டினார். நான் எழுந்துபோய்த் திறக்கவில்லை. அன்றுதான் என் வயிறு குளிர்ந்தது.

பதினொரு நிமிடத்தில் அவரைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். ஒத்துக்கொள்ளாத சிஸ்டம் அவருக்கு மட்டும் ஒத்துக்கொண்டது. முதலாளியம்மா அன்றே மென்பொருளை வாங்கிவிட்டார்; அந்த விற்பனையும் மேலாளர் பெயரில்தான் ஏறியிருக்கிறது. என் தோழியை இன்றுவரை சேர்க்கவில்லை.

நேற்று கம்பெனியிலிருந்து ஆள் வந்து, கை தவறி அழுத்திவிட்டதாக எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்றார். என் கணவரும், "எழுதிக் குடுத்துட்டு வந்துடேன், வேலையாவது மிஞ்சும்" என்றார். என் தோழி பெயரை நான் தெரியாமல் அழுத்தினேன். அவர் பெயரைத் தெரிந்து அழுத்தினேன். இரண்டையும் ஒன்றாக்க எனக்குச் சம்மதமில்லை.

இதை எனக்குப் படித்துக் காட்டியபோது, மேலாளர் பெயரை அழுத்திய இடத்தில் "தவறுதலாக" என்று இருந்தது. அதை அடித்து "வேண்டுமென்றே" என்று எழுதச் சொல்லி, அடித்த இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(கையொப்பம்)