கடைசி நாலு போர்ட்

— இன்னைக்கும் ஃபெயில்னா நேரா சொல்லிடுக்கா. மூணாவது தடவை. நான் டிசைன் பண்ணின நெட்வொர்க் ஸ்விட்சையும் என்னையும் சேர்த்து வெளியே அனுப்ப மேல ரெடியா இருக்காங்க.

— அக்கா தம்பியெல்லாம் இந்த லேப் கதவுக்கு வெளியே. உட்காரு.

— டிசைன் பக்கம் உனக்கு என்ன பேரு தெரியுமா? எமன். பெட்டி எமன்கிட்ட போயிருக்குன்னுதான் சொல்வாங்க. நான் வெளியே முறைச்சுட்டு உள்ளுக்குள்ள பெருமைப்பட்டுப்பேன்.

— இரு, இரு. உன் ஸ்விட்சுல கேபிள் மாட்டுற போர்ட் இருபத்திநாலு. ஒவ்வொண்ணா ஓட்டினா ஒரு டேட்டா பாக்கெட்கூட தவறி விழலை.

— எல்லாத்தையும் ஒண்ணா ஓட்டினா கடைசி நாலுல மட்டும் குறையுது. அந்த நாலுக்காக போர்டையே ரெண்டு தடவை மாத்தி வரைஞ்சாச்சு. டெஸ்ட் பண்ற உன் லினக்ஸ் மெஷின் செகண்டுக்கு மூணு கோடி பாக்கெட் வீசுது தெய்வமே. நிஜத்துல எங்க அப்படி வரும்?

— ஆஸ்பத்திரிக்குப் போற பெட்டிடா. என்னைக்கு எவ்வளவு வரும்னு எனக்கு ஜோசியம் தெரியாது.

— அதான் எமன்னு சொல்றாங்க.

— இரு, இரு. நேத்து உன் ஸ்விட்சைக் கழட்டி ஓரமா வச்சேன். மெஷின்லேர்ந்து வர்ற கேபிளை மெஷின்லயே திருப்பி மாட்டினேன். அப்பவும் கடைசி நாலுல கணக்கு உதைச்சுது.

— நடுவுல ஸ்விட்சே இல்லாமலா?

— இல்லாமத்தான். பாக்கெட் எங்கேயும் விழலை. திரும்பி வர்றதை எண்ணுற மெஷின்தான் கோட்டை விட்டிருக்கு. அதோட ப்ராசஸர்ல எட்டு கோர் இருந்தும், அந்த நாலு போர்ட்டையும் எண்ணுற வேலை ஒரே கோர் தலையில. அதை மத்த கோருக்கும் பிரிச்சு விட்டு, உன் ஸ்விட்சைத் திரும்ப மாட்டினேன். காலையிலேர்ந்து ஆறு மணி நேரமா ஓடுது. ஸ்கிரீனைப் பாரு.

— விழுந்த பாக்கெட் பூஜ்யம். எல்லா போர்ட்லயும் பூஜ்யம்.

— இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பெட்டி என் மேஜைக்கு வந்ததில்லை. வீட்டுல சொன்னா உனக்குத் தலைக்கனம் ஏறும், அதனால இங்கேயே சொல்லிடறேன். பிரமாதம்டா.

— தன் மெஷின் மேலயே சந்தேகப்பட உன்னை விட்டா யாரு இருக்கா தெய்வமே. அப்புறம் ஏன் முகம் வாடிக் கிடக்கு? பாஸ்னு எழுத வேண்டியதுதானே.

— எழுதிட்டேன். மீசைக்காரர் நம்பர் உன்கிட்ட இருக்கா?

— எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவரா? அவரை வேலையை விட்டு அனுப்பி ரெண்டு வருஷம் ஆச்சே. இப்ப எதுக்கு?

— அவரோட ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். கீழ என் கையெழுத்து. அவர் ஸ்விட்சும் இதே கடைசி நாலு போர்ட்லதான் ஃபெயில்.

— இதே மெஷின்லயா?

— இதே மெஷின்லதான். இப்ப நீ உட்கார்ந்திருக்கிற இடத்துல உட்கார்ந்து, இன்னொரு தடவை பாருங்கம்மான்னு கேட்டார். அன்னைக்கு நான் எதையும் கழட்டிப் பார்க்கலைடா. என் தம்பி பெட்டின்னதும்தான் கழட்டினேன்.