செங்காவி பூசிய பெட்டி

காலை எட்டரை மணி தவறாதவரே! வெயிலைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதியவரே! முப்பத்தைந்து ஆண்டுகள் பிழையின்றிப் பதிவேடு காத்த வானிலைப் பார்வையாளர் திரு. பூதத்தான் அவர்களே! அம்பாசமுத்திரத்து வயல்களுக்கு நடுவே தங்களோடு பணிபுரிந்த நாங்கள் வணங்கி வாசிக்கும் மடல் இது.

முகத்துக்கு நேரே யாராவது புகழ்ந்தால் பூதத்தான் எழுந்து வெப்பமானி பார்க்கப் போய்விடுவார். ஆகவே இனி இந்த மடல் அவரிடம் பேசாது. அவரைப் பற்றிச் சபையிடம் பேசும். அவர் உட்கார்ந்து கேட்கலாம்.

நிலையத்து மைதானத்தில் நாலு காலில் ஒரு மரப்பெட்டி நிற்கிறது. காற்று புக இடுக்கு விட்ட பலகைகள், வெள்ளைப் பூச்சு, உள்ளே வெப்பமானிகள். தினமும் அதைத் திறந்து, படித்து, பதிவேட்டில் மையால் எழுதுவது பூதத்தானின் வேலை. எழுதியதை அழிக்கக் கூடாது. தவறென்றால் ஒரே கோட்டால் அடித்து, பழைய எண் தெரியும்படி விட்டு, மேலே புதியதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். மகள் கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டார் மணமேடையில் அவரைத் தேடினார்கள். அவர் பட்டு வேட்டியோடு பெட்டி முன்னால் நின்றிருந்தார். தாலி கட்டுவதற்குள் வந்து சேர்ந்தார்.

இந்தத் தை மாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடந்தது. கல்லிடைக்குறிச்சி ஞானசம்பந்தன் எழுந்தார். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்றுப் பாசனத்தில் நாலு கோட்டை விதைப்பாடு வயல் வைத்திருக்கிறார். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய இரண்டு பட்டியல்கள் கையில் இருந்தன. ஒன்று பூதத்தான் அன்றன்று எழுதியது. மற்றது தலைமை அலுவலகம் பின்னாளில் திருத்தியது. 1997 ஜனவரி முதல் 2003 ஜூன் வரை ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பமும் திருத்திய பட்டியலில் புள்ளி ஏழு டிகிரி குறைந்திருந்தது.

"தொண்ணூத்தெட்டு வெயில்ல என் வயலு காஞ்சது நெசம். ஊரே பாத்துச்சு. நடந்து முடிஞ்ச வெயில எப்படிவே குறைப்பீரு?"

கூட்டம் கைதட்டியது. எங்கள் அதிகாரி வித்யாலக்ஷ்மி விளக்கினார். பெட்டி இடம் மாறினாலோ கருவி மாறினாலோ அளவு திடீரென்று ஒரு படி ஏறும், இறங்கும். அக்கம்பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டுக் கணினி அந்தப் படியைச் சமன் செய்கிறது என்றார்.

"சரிம்மா. அந்த ரெண்டு தேதியிலயும் இங்கன என்ன மாறிச்சு? பதிவேட்டுல இருக்கா?"

இல்லை. பதிவேட்டில் ஒன்றும் இல்லை.

கடைசி வரிசையில் இருந்த பூதத்தான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். இரண்டு தேதிகளையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. தொண்ணூற்றேழு பொங்கலுக்கு அலுவலகத்துக்கு வெள்ளையடித்து, சுவரடியில் காவிப்பட்டை இழுத்தார்கள். காவி மிஞ்சியது. "பெட்டிக்கும் ரெண்டு பட்டை இழுக்கட்டா?" என்று பூசுகிறவர் கேட்டார். "இழுவே, பொங்கலுக்கு எடுப்பா இருக்கும்," என்று சொன்னவர் பூதத்தான். கால்களும் கீழ்ப்பாதியும் செங்காவியாயின. வெள்ளை வெயிலைத் திருப்பும், காவி குடிக்கும். ஆறரை ஆண்டு அது குடித்தது. 2003இல் ஆய்வுக்கு வந்தவர் வெள்ளை பூசச் சொன்னார். பதிவேட்டில் அல்ல, தன் ஆய்வறிக்கையில் 'வண்ணம் புதுப்பிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினார்.

பூசியவர் இன்று உயிரோடு இல்லை. அந்த நாளில் இங்கே இருந்த வேறு யாரும் இப்போது நிலையத்தில் இல்லை; பூசச் சொன்னது யாரென்று எவருக்கும் தெரியாது. ஓய்வுக்கு நாலு மாதமே இருந்தது. அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தெரியும்: கடைசி மாதங்களில் ஒரு குற்றக் குறிப்பாணை வந்தால், ஓய்வு பெறும் நாளில் ஓய்வு பெற முடியாது. விசாரணை முடியும்வரை மனிதர் அந்தரத்தில் நிற்பார்.

மறுநாள் காலை எழுதிய கடிதத்தோடு வந்தார். வித்யாலக்ஷ்மி படித்துவிட்டு மடித்து அவரிடமே நீட்டினார்.

"அண்ணாச்சி, இத எழுத்துல குடுத்தா மெமோ வரும். என்கிட்ட வாயால சொல்லிட்டீங்க. அது போதும்."

"வாயால சொன்னது பதிவேட்டுல ஏறாதும்மா."

கடிதம் போனது. அதோடு அவர் விடவில்லை. காவிதான் காரணம் என்பதும் அதுவரை அவருடைய நினைப்புதானே? பண்டக அறையில் கிடந்த பழைய பெட்டியை எடுத்துக் கீழ்ப்பாதிக்குச் செங்காவி பூசி, வெள்ளைப் பெட்டிக்குப் பத்தடி தள்ளி நிறுத்தினார். நாற்பது நாள் இரண்டையும் படிப்பது. இருபதாம் நாள் வெப்பமானிகளை இடம் மாற்றுவது, கருவியில் கோளாறிருந்தால் அதுவும் தெரிய. படிக்க அவர் அழைத்தது எங்களை அல்ல, ஞானசம்பந்தனை.

"நான் படிச்சா நீரு நம்பமாட்டீரு. நீரே வந்து படியும்."

ஞானசம்பந்தன் தினமும் முதல் பஸ்ஸில் வந்தார். வெளுத்த பெட்டியையும் காவிப் பெட்டியையும் பார்த்து, "எதுவே மாப்பிள்ளை, எது பொண்ணு?" என்பார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிப்பார். தன் நோட்டில் தனியாக எழுதுவார். ஒரு நாள் பூதத்தான் எழுதியதற்கும் அவர் எழுதியதற்கும் புள்ளி ஒன்று வித்தியாசம் வந்தது. மறுபடி படித்தபோது ஞானசம்பந்தன் எண்ணே சரி. பூதத்தான் தன் எண்ணை ஒரே கோட்டால் அடித்துக் கையெழுத்திட்டார். அதற்குப் பிறகு ஞானசம்பந்தன் கேலி பேசுவது குறைந்தது.

நாற்பதாம் நாள் சராசரி போட்டவர் ஞானசம்பந்தன்தான். காவிப் பெட்டி புள்ளி நாலு டிகிரி கூடக் காட்டியது.

"அப்போ தலைமை அலுவலகம் குறைச்சது சரி?"

"சரிதான். ஆனா அளவு கூடிப்போச்சு. புள்ளி நாலு குறைக்க வேண்டியது, புள்ளி ஏழு குறைச்சிட்டாங்க."

"ஒம்ம காவியக் கழிச்சாலும் தொண்ணூத்தெட்டு?"

"அது பொல்லாத வெயிலுதான். உம்ம வயலு சும்மா காயல."

ஞானசம்பந்தன் நோட்டை மூடினார். "இந்தப் புள்ளி மூணுக்கா வே நாப்பது நாளு காலங்காத்தால என்னைய இழுத்தடிச்சீரு?"

"நீருதானவே கேட்டீரு."

இருவரும் கையெழுத்திட்ட தாள் தலைமை அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்திருக்கிறது. ஒரு நகலை ஞானசம்பந்தன் விவசாயிகள் சங்கத்தில் ஒட்டியிருக்கிறார். மெமோவும் வந்தது. 'ஆம், நான்தான் பூசச் சொன்னேன்' என்று பதில் போனது. இந்த விழா நடக்குமா என்று போன வெள்ளிக்கிழமை மாலைவரை எங்களுக்குத் தெரியாது. அன்று வந்த ஆணை, எச்சரிக்கையோடு ஓய்வு பெற அனுமதித்தது.

எச்சரிக்கைக் கடிதத்தை அவர் பதிவேட்டின் 1997ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்.

திரு. பூதத்தான் அவர்களே! ஆற்றில் நீர் குறையாத காலம்வரை தாங்களும் தங்கள் துணைவியாரும் உடல்நலத்தோடு வாழ வேண்டும். இனி எட்டரை மணிக்குத் தாங்கள் வேறு ஏதாவது செய்யப் பழக வேண்டும்.

சபைக்கு ஒரு வார்த்தை. கண்ணாடிச் சட்டம் போடும் முன் இந்த மடலை அவரிடம் காட்டினோம். முதல் பத்தியில் 'பிழையின்றி' என்ற சொல்லை அவர் ஒரே கோட்டால் அடித்தார். மேலே 'ஆறரை ஆண்டு நீங்கலாக' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். வேறு தாளில் திருத்தி எழுத நாங்கள் நினைத்தோம். பிறகு விட்டுவிட்டோம். கண்ணாடிக்குள் இரண்டும் தெரிகின்றன.

இங்ஙனம்,
நிலையப் பணியாளர்கள்
சாட்சி: ஞானசம்பந்தன், கல்லிடைக்குறிச்சி